தண்டவாளம் போன வழியில் சைக்கிள்: பிரான்ஸின் எயிரியூ மலையிடுக்குப் பாதை

பிரான்ஸின் தென்கிழக்கே, ரோன் ஆற்றின் மேற்குக் கரையில் ஆர்தேஷ் என்ற மாவட்டம் இருக்கிறது. அதன் வடபகுதி மலைகளை அறுத்துக்கொண்டு எயிரியூ என்ற ஆறு இறங்குகிறது. அந்த ஆற்றை ஒட்டிச் சுமார் 90 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு கிரவல் பாதை போகிறது. அதில் கார் இல்லை, லொறி இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. சைக்கிள் ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள், குதிரையில் போகிறவர்கள் மட்டுந்தான். பாதையின் பெயர் ‘டோல்ச்சே வியா’. இத்தாலிய மொழியில் ‘இனிய வழி’ என்று பொருள்.

பாரிஸுக்கு வெளியே வசிக்கும் நான் கடந்த சில ஆண்டுகளில் நான்கு தடவைகள் அங்கே போயிருக்கிறேன். தனியாகவும் போனேன், நண்பர்களுடனும் போனேன், ஒருமுறை குடும்பத்துடனும் போனேன். ஐரோப்பாவில் வாழும் நம்மவர்கள் பலர் இந்தப் பாதையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவர்களுக்குப் பயன்படக்கூடிய விபரங்களைத் திரட்டித் தருவது இக்கட்டுரையின் ஒரு நோக்கம். இன்னொரு நோக்கமும் உண்டு. இந்தப் பாதை ஒரு செத்துப்போன ரயில் பாதையின் மேல் கிடக்கிறது. ஒரு நாடு தான் கைவிட்ட ரயில் பாதையை என்ன செய்கிறது என்பது இலங்கையர்களுக்கும் பொருத்தமான கேள்வி.

ஆறும் மலையும்

எயிரியூ நீளமான ஆறு அல்ல. 80 கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஆனால் கடல்மட்டத்திலிருந்து 1,100 மீற்றர் உயரத்தில் பிறந்து, ரோன் ஆற்றில் சேருகிறபோது 100 மீற்றருக்கும் கீழே வந்துவிடுகிறது. அவ்வளவு குறுகிய தூரத்தில் அவ்வளவு இறக்கம் என்பதால், ஆறு கருங்கல்லை ஆழமாக வெட்டியிருக்கிறது. மேற்பகுதியில் பள்ளத்தாக்கு ஒடுங்கி, இரு பக்கமும் பாறை நிற்கும் மலையிடுக்காகிவிடுகிறது. கீழ்ப்பகுதியில் கொஞ்சம் விரிந்து, பழத்தோட்டங்களுக்கு இடம் விடுகிறது.

கோடையில் பார்த்தால் முழங்கால் அளவு தண்ணீர்தான். பாறைகளுக்கிடையில் தெளிந்த குளங்கள்போலத் தேங்கிக் கிடக்கும். பிள்ளைகள் குதித்துக் குளிப்பார்கள். அதே ஆறு இலையுதிர் காலத்தில் வேறு முகம் காட்டும். மத்தியதரைக் கடலிலிருந்து வரும் வெப்பமான ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மேலெழுந்து, ஒரே இடத்தில் மணிக்கணக்காக மழையைக் கொட்டும். ‘செவெனோல்’ மழை என்பார்கள். 1857 செப்டம்பரில் எயிரியூவில் வந்த வெள்ளத்தை இப்போதும் அப்பகுதியில் பேசுகிறார்கள். 2024 ஒக்டோபரில் ஆர்தேஷின் மலைப்பகுதி ஒன்றில் 48 மணித்தியாலத்துக்குள் 600 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்தது. வடக்கு மாகாணத்தில் ஒரு நல்ல மாரி முழுவதும் பெய்கிற மழையில் பெரும்பங்கு அது.

இப்படிப்பட்ட நிலத்தில் மனிதர்கள் சரிவுகளைக் கல்லடுக்கிப் படிப்படியாகக் கட்டித்தான் பயிர் செய்தார்கள். சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல் கல்மேல் கல்லாக வைத்த அந்தத் தடுப்புகள் காட்டுக்குள் இன்னும் தெரிகின்றன. முக்கிய உணவு செஸ்நட் கொட்டை. நமக்குப் பனை எப்படியோ அப்படி அவர்களுக்குச் செஸ்நட் மரம். அதை ‘ரொட்டி மரம்’ என்றே அழைத்தார்கள். கொட்டையைப் புகையில் உலர்த்தி, மாவாக்கி, பஞ்சகாலத்தைக் கடந்தார்கள். பட்டுப்பூச்சிக்காக வளர்த்த முசுக்கொட்டை மரத்துக்குத் ‘தங்க மரம்’ என்று பெயர். ஆற்றுத் தண்ணீரின் வேகத்தால் இயங்கிய பட்டுநூல் முறுக்கும் ஆலைகள் பள்ளத்தாக்கு முழுவதும் இருந்தன. சுற்றுக் கிராமங்களின் இளம் பெண்கள் அவற்றிலேயே தங்கி வேலை செய்தார்கள்.

ரயில் வந்ததும் போனதும்

இந்தப் பட்டையும் பழத்தையும் கொட்டையையும் வெளியே கொண்டுபோக ரயில் வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்தப் பள்ளத்தாக்குகளில் சிறு ரயில் பாதைகள் போடப்பட்டன. இரு தண்டவாளங்களுக்கும் இடையில் ஒரு மீற்றர் மட்டுமே. இலங்கையின் அகலப் பாதை 1,676 மில்லிமீற்றர் என்பதை நினைத்துப் பாருங்கள். பாதை ஒடுங்கினால் வளைவைக் கூர்மையாகப் போடலாம். ஆறு எப்படி வளைகிறதோ அப்படியே ரயிலும் வளையலாம். மலையைக் குடைகிற செலவு குறையும்.

லா வூல்ட் என்ற ரோன் கரை நகரத்திலிருந்து லு ஷெய்லார் வரை ஒரு பாதை. அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேற்கே ஏறி சென் அக்ரேவ் என்ற மலையூருக்கும், மற்றது வடக்கே லமாஸ்த்ர் என்ற ஊருக்கும் போயின. லமாஸ்த்ரிலிருந்து டூ என்ற வேறோர் ஆற்றின் மலையிடுக்கு வழியாகத் தூர்னோன் நகரத்துக்கு 1891இலிருந்தே ரயில் ஓடியது.

ஆனால் மக்கள் குறைந்துகொண்டே போனார்கள். 1861இல் ஆர்தேஷின் சனத்தொகை சுமார் 3 இலட்சத்து 88 ஆயிரம். ஒரு நூற்றாண்டு கழித்து, 1962இல் அது 2 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. பட்டுப்பூச்சிக்கு நோய் வந்தது, பட்டுத்தொழில் சரிந்தது, இளைஞர்கள் லியோனுக்கும் சென் எத்தியேனுக்கும் போனார்கள், இரண்டு உலகப் போர்களும் தங்கள் பங்கை எடுத்தன. மிச்சமிருந்தவர்களைப் பேருந்தும் காரும் எடுத்துக்கொண்டன. 1968இல் சிறு ரயில் நிறுத்தப்பட்டது. ரோன் ஆற்றின் மேற்குக் கரையால் போன பெரிய ரயிலின் பயணிகள் சேவையும் 1973இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் இந்த மாவட்டத்தில் வழக்கமான பயணிகள் ரயில் இருக்கவில்லை.

தண்டவாளம் போன பிறகு அந்த நீண்ட, ஒடுங்கிய நிலத் துண்டு கிடந்தது. பாலங்கள் நின்றன. நிலையக் கட்டடங்கள் நின்றன. புதர் மண்டியது. பிறகு உள்ளூர் சபைகள் ஒன்றுசேர்ந்து, பகுதி பகுதியாகப் புதர் வெட்டி, பாலம் திருத்தி, நுண்கல் பரப்பி இறுக்கி, இன்றைய பாதையை உருவாக்கின. ஒரே நாளில் திறந்த பாதையல்ல. பல ஆண்டுகள் எடுத்தது.

இதே ரயில் வலையமைப்பின் வேறு துண்டுகளுக்கு வேறு விதிகள் வாய்த்தன. தூர்னோனுக்கும் லமாஸ்த்ருக்கும் இடைப்பட்ட மலையிடுக்கில் நீராவி ரயில் இன்றும் உல்லாசப் பயணிகளுக்காக ஓடுகிறது. 2008இல் பணமின்றி நின்றுபோய், 2013இல் மறுபடி தொடங்கியது. அதே தண்டவாளத்தின் ஒரு பகுதியில் நான்கு சில்லு வண்டியில் இருந்து மிதித்துக்கொண்டு போகவும் முடியும். சென் அக்ரேவுக்கு அப்பாலும் ஒரு துண்டில் பழைய ரயில் கோடையில் ஓடுகிறது. ஆக, ஒரே ரயிலின் உடல் மூன்று விதமாகப் பயன்படுகிறது.

ஏன் ரயில் பாதை சைக்கிளுக்கு ஏற்றது?

நீராவி ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். அதனால் பொறியியலாளர்கள் ஏற்றத்தைப் பல கிலோமீற்றருக்குப் பரப்பி வைத்தார்கள். மலைமுனையை வெட்டினார்கள், பள்ளத்தைப் பாலத்தால் கடந்தார்கள். அன்று ரயிலின் பலவீனத்துக்காகச் செய்த அந்த வேலை, இன்று நம் முழங்காலுக்கு உதவுகிறது.

லா வூல்ட் சுமார் 90 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. லு ஷெய்லார் சுமார் 430 மீற்றரில். இடைத்தூரம் சுமார் 48 கிலோமீற்றர். கணக்குப் பார்த்தால் 100 மீற்றர் போனால் ஒரு மீற்றர்கூட ஏறுவதில்லை. கண்ணுக்கு அது சமதரை. திரும்பி வருகிறபோதுதான் மிதிக்காமலே சைக்கிள் ஓடுகிறதே என்று விளங்கும். லு ஷெய்லாரிலிருந்து சென் அக்ரேவுக்கு ஏற்றம் கூடுகிறது. சென் அக்ரேவ் 1,050 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 100 மீற்றருக்கு இரண்டு, மூன்று மீற்றர் ஏறவேண்டும். கடினமில்லை, ஆனால் முடிவதுமில்லை. இரண்டு மூன்று மணித்தியாலம் ஒரே சீராக மிதித்தபடி இருக்கவேண்டும்.

கிரவல் என்றதும் நம் மனதில் வருவது சிவப்பு மண். மழை பெய்தால் சேறு, வெயிலில் புழுதி, பஸ் போனால் கண்ணை மூடவேண்டும். இங்கே போட்டிருப்பது உடைத்த கல்லின் நுண்துகளை ஈரமாக்கி உருளையால் இறுக்கிய தளம். நிறம் சாம்பலும் வெள்ளையும் கலந்தது. மழைநீரை வடியவிடும். காய்ந்திருந்தால் தாருக்கு அடுத்தபடியாக ஓடலாம். மேலே போகப் போகக் கற்கள் பெரிதாகும், இலைச்சருகு கிடக்கும், மழைக்குப் பிறகு சில இடங்களில் நீர் அரித்த வாய்க்கால்களும் இருக்கும்.

‘பசுமை வழி’ என்று பிரெஞ்சில் அழைக்கப்படும் இவ்வகைப் பாதைகளுக்கு 2004ஆம் ஆண்டின் ஓர் ஆணை மூலம் வீதிச் சட்டத்தில் தனி இடம் கிடைத்தது. மோட்டார் இல்லாத வாகனங்கள், நடப்பவர்கள், குதிரையில் செல்வோர் ஆகியோருக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட வழி என்பது அந்த ஆணை அன்று தந்த வரையறை. மிதிக்கிறபோது மட்டும் உதவுகிற, மணிக்கு 25 கிலோமீற்றரோடு உதவியை நிறுத்திக்கொள்கிற மின்சைக்கிள் சட்டப்படி சைக்கிளாகவே கொள்ளப்படுகிறது. ஆகவே அதற்கும் அனுமதி உண்டு. பாதை வாகன வீதிகளைக் குறுக்கே கடக்கிற இடங்களும், ஊர்களுக்குள் சிறிது தூரம் தெருவோடு சேர்கிற இடங்களும் உண்டு. அங்கே தடுப்புக் கம்பிகள் இருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த இடங்களில் மட்டும் கவனமாக இருந்தால் போதும்.

மூன்று துண்டுகள்

*லா வூல்ட் முதல் லு ஷெய்லார் வரை, சுமார் 48 கிலோமீற்றர்.* தொடக்கத்தில் பழத்தோட்டங்கள். சென் லோரன் என்ற ஊரை ஒட்டிய பகுதி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பீச் பழத்துக்குப் பேர்போனது. ஜூலையில் போனால் வாங்கிச் சாப்பிடலாம். சுமார் 20 கிலோமீற்றரில் லெஸ் ஒலியேர். அங்கே கடைகளும் கூடாரம் போடும் இடங்களும் ஆற்றுக்குளியலும் உண்டு. முதல்நாளுக்கு அங்கே போய்த் திரும்பினாலே ஒரு குடும்பத்துக்குப் போதும். அதற்கு மேலே காடு நெருங்குகிறது. செஸ்நட் மரங்களின் நிழல். கீழே ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்கும். பழைய ரயில் நிலையங்கள் சில தேநீர்க் கடையாகவும் தங்குமிடமாகவும் மாறியிருக்கின்றன. சுவரில் ஊர்ப்பெயர் அப்படியே இருக்கிறது.

*லு ஷெய்லார் முதல் சென் அக்ரேவ் வரை.* எனக்குப் பிடித்த துண்டு இது. சென் மார்த்தன் என்ற ஊரை அடுத்து, பாறைமுனை ஒன்றில் ரோஷ்போன் கோட்டையின் இடிபாடுகள் நிற்கின்றன. அதன் பிறகு பள்ளத்தாக்கு ஒடுங்குகிறது. ஒரு பக்கம் வெட்டிய பாறைச்சுவர், மறு பக்கம் ஆழம். கீழ்ப்பகுதியில் வெயிலாக இருந்தாலும் இங்கே குளிரும். செஸ்நட் மறைந்து பைன் மரங்கள் வரும். உச்சியில் சட்டென்று மலை விலகி, காற்றடிக்கும் புல்வெளிச் சமதரை விரியும். அங்கிருந்து தென்மேற்கே மெசன்க் என்ற அணைந்த எரிமலை தெரியும். அதன் அயலில்தான் பிரான்ஸின் மிக நீளமான ஆறான லுவார் பிறக்கிறது.

*லு ஷெய்லார் முதல் லமாஸ்த்ர் வரை, சுமார் 20 கிலோமீற்றர்.* எயிரியூவை விட்டு, ஒரு மேட்டைத் தாண்டி, டூ ஆற்றின் பக்கம் இறங்குகிற வழி. ஆட்கள் குறைவு. மேய்ச்சல் நிலங்களும் ஒற்றை வீடுகளும். லமாஸ்த்ரில் செவ்வாய்க்கிழமைச் சந்தை உண்டு. வட்டமான ‘பிகொடோன்’ ஆட்டுப்பாற்கட்டியை அங்கே வாங்கலாம்.

யாருக்கு இந்தப் பாதை?

தண்டவாளம் இல்லாத ரயில் பாதையில் சைக்கிள் ஓடுவது எனக்குப் புதிதல்ல. 1990 ஜூனில் யாழ்தேவி நின்ற பிறகு, மீசாலைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் நாங்கள் அப்படித்தான் ஓடினோம். சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. பெற்றோல் இல்லை. நெல்மூட்டையும் விறகும் நோயாளியும் சைக்கிளில்தான் போயின. டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் சந்தைக்கும் சைக்கிளில் போனார்கள். அதில் வியப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

ஐரோப்பாவுக்கு வந்த பிறகு அந்தத் தலைமுறையில் பலர் சைக்கிளை விட்டுவிட்டார்கள். காரணம் வயது மட்டுமல்ல. நகரத்து வீதி பயமுறுத்துகிறது. பக்கத்தால் லொறி போகிறபோது வருகிற காற்று, பின்னாலிருந்து அடிக்கிற ஹோர்ண், பழக்கமில்லாத வலப்பக்கப் போக்குவரத்து. உணவகத்து வேலை முடிந்து நள்ளிரவில் சைக்கிளில் வீடு திரும்பியவன் என்ற முறையில் அந்தப் பயம் எனக்கும் தெரியும். என் மனைவி சாவகச்சேரியில் பத்து வருடம் தினமும் சைக்கிள் ஓடியவர். பிரான்ஸில் இருபது வருடம் அவர் சைக்கிளில் ஏறவில்லை.

குடும்பமாகப் போனபோது லா வூல்டில் அவருக்கு ஒரு வாடகைச் சைக்கிள் எடுத்தோம். முதல் அரைக் கிலோமீற்றர் கால் ஊன்றி ஊன்றித்தான் போனார். மகள் அம்மாவுக்கு முன்னால் போய் நின்று நின்று பார்த்தாள். சென் லோரனைத் தாண்டிய பிறகு நாங்கள் அவரைத் தேட வேண்டியிருந்தது. முன்னால் போய்விட்டார். அன்று நாற்பது கிலோமீற்றர் ஓடினார். “கார் வராது எண்டால் நான் ஓடுவன், அதுதானே அப்பவும்” என்றார். போக்குவரத்து இல்லாத பாதையின் மதிப்பு அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. ஓடத் தெரியாமல் ஒதுங்கியவர்களைவிட, ஓட இடமில்லாமல் ஒதுங்கியவர்களே அதிகம். இடம் கொடுத்தால் அவர்கள் திரும்பி வருவார்கள். பாதையில் எழுபது வயதுக்காரர்களையும், ஐந்து வயதுப் பிள்ளைகளையும், கைமிதி வண்டியில் போகும் மாற்றுத்திறனாளிகளையும் கண்டிருக்கிறேன். மாவட்ட வீதியொன்றில் இவர்கள் எவரையும் காணமுடியாது.

அகதிகள் வந்த ரயில்

சென் அக்ரேவோடு சைக்கிள் பாதை முடிகிறது. அங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீற்றர் சிறு வீதியால் போனால் லு ஷம்போன் என்ற ஊர் வரும். நேரமிருப்பவர்கள் அவசியம் போகவேண்டும்.

இந்த மலைகளில் வாழ்ந்தவர்களில் பெரும்பகுதியினர் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர்கள். 1685இல் அவர்களுடைய வழிபாட்டு உரிமை பறிக்கப்பட்ட பிறகு, ஒரு நூற்றாண்டு காலம் காட்டிலும் குகையிலும் மறைந்து வழிபட்டவர்கள். எயிரியூவுக்குத் தெற்கே மலைமேல் இருக்கும் பிரான்ல் என்ற ஊரில் பிறந்த மாரி துரான் என்ற பெண், தன் நம்பிக்கையைக் கைவிட மறுத்ததற்காக 1730 முதல் 1768 வரை 38 ஆண்டுகள் கடற்கரைக் கோபுரமொன்றில் சிறைவைக்கப்பட்டார். அவர் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

அந்த நினைவை மறக்காத மக்கள், இரண்டாம் உலகப்போரில் நாஸிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்களைத் தங்கள் வீடுகளிலும் பண்ணைகளிலும் விடுதிகளிலும் மறைத்து வைத்தார்கள். லு ஷம்போனின் போதகர் அந்த்ரே த்ரொக்மேயின் பெயர் இதில் முதன்மையானது. அவருடைய உறவினரான ஆசிரியர் தனியேல் த்ரொக்மே, 1943 ஜூனில் தன் மாணவர்களோடு பிடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு போலந்தின் மைதானெக் முகாமில் இறந்தார். மறைந்திருந்தவர்களில் பலர் அந்த மேட்டுக்கு வந்து இறங்கியது இதே ஒரு மீற்றர் அகல ரயிலில்தான். 1990இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் லு ஷம்போன் மக்களையும் அயலூர் மக்களையும் கூட்டாகக் கௌரவித்தது.

அகதியாக வந்து ஊன்றிய நமக்கு அந்தச் சிறிய நிலையத்தின் முன் நிற்பது வெறும் சுற்றுலாவாக இருக்காது. ரயில் பாதை என்பது பொருளை ஏற்றி இறக்கியது மட்டுமல்ல, யார் யாரை உள்ளே விட்டார்கள் என்பதன் சாட்சியுமாக இருக்கிறது. பாதை காப்பாற்றப்பட்டதால் அந்தச் சாட்சியும் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

போகிறவர்களுக்கு

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் வலான்ஸுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து பிராந்திய ரயிலில் லிவ்றோன் நிலையத்துக்கு வந்தால், ரோன் ஆற்றைக் கடந்து லா வூல்ட் ஆறேழு கிலோமீற்றர். பிராந்திய ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம். அதிவேக ரயில்களில் பெரும்பாலும் கழற்றிப் பையில் போடவேண்டும். லியோனிலிருந்து வருகிறவர்களுக்குப் பிராந்திய ரயிலே வசதி. கால் வலுவுள்ளவர்கள் லெமன் ஏரியிலிருந்து மத்தியதரைக் கடல் வரை ரோன் ஆற்றோடு வரும் ‘வியா ரோனா’ என்ற நெடும் சைக்கிள் பாதையில் வந்து, லா வூல்டில் திரும்பலாம்.

பந்தயச் சைக்கிளின் ஒடுங்கிய ரயர் இதற்குச் சரிவராது. 35 மில்லிமீற்றருக்குக் குறையாத ரயர் வேண்டும். 40 என்றால் நல்லது. விலையான கிரவல் சைக்கிள் கட்டாயமில்லை. வீட்டில் கிடக்கும் சாதாரணச் சைக்கிளின் பிறேக்கும் செயினும் ஒழுங்காக இருந்தால் போதும். ரியூப் ஒன்று, ஒட்டுப் பெட்டி, பம்ப் ஆகியவை கையில் இருக்கவேண்டும். ஊர்களுக்கிடையில் கடை கிடையாது. சிறு சுரங்கங்களுக்காக முன்விளக்கும் பின்விளக்கும் தேவை.

நல்ல காலம் மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஓகஸ்டில் கீழ்ப்பகுதி கொதிக்கும். விடிய ஆறு மணிக்குத் தொடங்கி, மதியம் ஆற்றில் கழிக்கலாம். செப்டம்பர் கடைசியிலிருந்து வானிலை அறிவிப்பைத் தினமும் பார்க்கவேண்டும். செம்மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பள்ளத்தாக்குக்குள் போகக்கூடாது. மேலே பெய்கிற மழை கீழே வெயிலாக இருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும்.

ஊர்க் குழாய்களில் ‘ஓ பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கலாம். ‘நோன் பொத்தாப்ல்’ என்றிருந்தால் முகம் மட்டும் கழுவலாம். மலையிடுக்கில் பல இடங்களில் தொலைபேசிக்குச் சமிக்ஞை இல்லை. ஆபத்துக்கு 112. நடக்கிறவர்களை முந்துகிறபோது மணியடித்து வேகத்தைக் குறையுங்கள். குதிரைக்கு மட்டும் மணி அடிக்கவேண்டாம். தூரத்திலேயே குரல் கொடுத்து, மெதுவாகக் கடந்து போங்கள்.

மூன்று நாள் இருந்தால், முதல்நாள் லு ஷெய்லார், இரண்டாம்நாள் சென் அக்ரேவுக்கு ஏறி மறுபடி லு ஷெய்லாருக்கு இறக்கம், மூன்றாம்நாள் லமாஸ்த்ர். ஏற முடியாதவர்கள் சைக்கிளோடு வாகனத்தில் மேலே போய், மலையிலிருந்து ரோன் ஆறு வரை இறங்கிக்கொண்டே வரலாம். கோடைகாலத்தில் அதற்கான சேவைகள் உண்டு.

நமது கைவிடப்பட்ட பாதைகள்

இலங்கையிலும் செத்த ரயில் பாதைகள் இருக்கின்றன. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை, 1903-04 காலத்தில் திறக்கப்பட்ட 762 மில்லிமீற்றர் அகலப் பாதை 1940களில் மூடப்பட்டது. தேயிலைத் தோட்டங்களுக்காகப் போட்ட பாதை அது. மலையகத் தமிழ் மக்களின் ஊர்களுக்கிடையில் வளைந்து போனது. களனிப் பள்ளத்தாக்குப் பாதையில் அவிசாவளைக்கு அப்பால், இரத்தினபுரி வழியாக ஓபநாயக்க வரை போன துண்டு 1970களில் கைவிடப்பட்டது.

ஆர்தேஷைப் பார்த்து, இங்கேயும் உடனே சைக்கிள் பாதை போடுங்கள் என்று சொல்வது எளிது. ஆனால் இரண்டு நிலைமைகளும் ஒன்றல்ல. எயிரியூவில் மக்கள் வெளியேறிய பிறகு வெறுமையாகக் கிடந்த நிலத்தில் பாதை வந்தது. இலங்கையில் கைவிடப்பட்ட புகையிரத ஒதுக்குக் காணிகளில் காணியற்ற மக்கள் வீடு கட்டி வாழ்கிறார்கள். சில துண்டுகள் வீதியாகிவிட்டன. உல்லாசப் பயணிகள் மிதிப்பதற்காக ஒரு லயத்துக் குடும்பத்தை எழுப்புவதில் நியாயம் இல்லை. ஆனால் எஞ்சியிருக்கிற துண்டுகளை, ஆள் குடியிராத பாலங்களையும் வெட்டுகளையும், யாரோ ஒரு விடுதி முதலாளி வளைத்துக்கொள்வதற்கு முன் பொதுக்காணியாகக் குறித்து வைக்கலாம். பாடசாலைக்குப் போகிற தோட்டத்துப் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் லொறிக்கும் ஒதுங்காமல் நடக்கிற ஒரு வழியாக அது முதலில் இருக்கட்டும். சைக்கிள்காரர்கள் பிறகு வரலாம்.

வடக்கின் அனுபவமும் இதையே சொல்கிறது. தண்டவாளமும் கட்டையும் போன பிறகும், ரயில் பாதையின் நிலம் பெரும்பாலும் ஒரே துண்டாகக் கிடந்தது. அதனால்தான் 24 ஆண்டுகளுக்குப் பிறகு, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது. நிலத்தின் தொடர்ச்சி இருந்தால், அதன்மேல் ரயில் வேண்டுமா, சைக்கிள் வேண்டுமா, நடைபாதை வேண்டுமா என்று பின்னால் வருகிற தலைமுறை முடிவெடுக்கலாம். துண்டு துண்டாக விற்றுவிட்டால் அந்த முடிவை எடுக்கவே இடமிருக்காது. ஆர்தேஷ் மக்கள் 1968இல் ரயிலை இழந்தார்கள், வழியை இழக்கவில்லை. இராகலைப் பாதையின் எஞ்சிய துண்டுகள் எங்கே, யார் கையில் இருக்கின்றன என்று அந்தந்தப் பிரதேச சபைகளிடம் கேட்கத் தொடங்குவது நமக்கு முதல் வேலை.